கீழே வைத்த கோப்பை

மணல்மேட்டின் உச்சியிலிருந்து லேண்ட் குரூசர் ஏறக்குறையப் பறந்தது. சக்கரங்கள் மறுபடி தரையைத் தொட்டபோது மிஷாரியின் தலை கூரையில் இடித்தது. அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

பக்கத்து சீட்டில் கிடந்த போன் அலறிக்கொண்டிருந்தது.

"எங்கடா இருக்கே?" தேசியக் கால்பந்து அணியின் மேலாளர் ஹமூத்.

"ஒட்டகத் தொழுவத்துலேருந்து வந்துக்கிட்டே இருக்கேன். வீட்டுக்குள்ள போயிடாதீங்க! பெட்ரோல் பங்க்ல நில்லுங்க. டயர் பஞ்சர்னு சொல்லு. தலை சுத்துதுன்னு சொல்லு. எதையாவது சொல்லு!"

"கோச் பிரான்கோ கேக்குற ஆளா? 'அவன் அப்பாகிட்ட நானே நேர்ல கேக்குறேன்'னு ஏர்போர்ட்லேருந்து ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"கேட்டா முடிஞ்சுது! சபை நடுவுல எங்கப்பா 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் அவரே நினைச்சாலும் மாத்த முடியாது. என் ஆட்டம் அதோட சரி!"

"மன்னிச்சுக்கடா. உங்க வாசல்லதான் நிக்கிறோம். உங்க சித்தப்பா முத்லக் கையை ஆட்டிக் கூப்பிடுறாரு..."

போன் செத்தது.

இடப்பக்கம் அஜா மலையின் சிவப்புப் பாறைகள் பின்னோக்கி ஓடின. அந்த மலையடிவாரத்தில், இரண்டு பழைய டயர்களைக் கோல் கம்பங்களாக நட்டு வைத்து ஆடித்தான் மிஷாரி பந்தைக் கற்றான். ஹாயில் நகரத்தின் சின்ன கிளப் அவனை எடுத்தது. அங்கிருந்து ரியாத்தின் பெரிய கிளப் தூக்கிக்கொண்டு போனது. நடுக்களத்தில் அவன் நின்றால் பந்துக்கு வழி தெரியும் என்று வர்ணனையாளர்கள் சொன்னார்கள். பிறகு பச்சைச் சட்டை. சவுதி அரேபியாவின் சட்டை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம். கடைசி நிமிடம். சொந்தக் கோல்கீப்பருக்கு மிஷாரி ஒரு பந்தைப் பின்னால் தட்டினான். தட்டியதில் வேகம் போதவில்லை. இடையில் புகுந்த எதிரணிக்காரன் பந்தைக் கவ்விக்கொண்டு போய் வலைக்குள் போட்டான். உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது.

மறுநாள் அப்பாவின் விருந்தினர் கூடமான மஜ்லிஸில், குலத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா முத்லக் சிரித்தார்.

"நம்ம பையன் தாராளமான கை, அபூ மிஷாரி! பந்தைக்கூட எதிரிக்கு விருந்து வச்சுட்டானே!"

சபை கொல்லென்று சிரித்தது. 'அபூ மிஷாரி', அதாவது மிஷாரியின் அப்பா, தஹாம் எழுந்து நின்றார்.

"வல்லாஹி! என் மகன் இனி அந்தப் பச்சைச் சட்டையைப் போட மாட்டான்!"

இறைவன் பேரில் சத்தியம். சபைக்கு நடுவில். தீர்ந்தது கதை.

அன்றிலிருந்து தேசிய அணி கூப்பிடும்போதெல்லாம் மிஷாரிக்கு முழங்கால் வலி வந்தது. கிளப்புக்கு ஆடும்போது மட்டும் வலி காணாமல் போனது. நாட்டின் பாதிப் பேர் அவனைக் கோழை என்றார்கள். மீதிப் பேர் திமிர் பிடித்தவன் என்றார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. தந்தையின் சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்து வாதாடுகிறவன் ஹாயிலில் மகனில்லை.

இப்போது மறுபடி உலகக் கோப்பைக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அணியின் நடுக்கள வீரனுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது. இன்று மாலைக்குள் பெயர்ப் பட்டியல் போயாக வேண்டும். மிஷாரிக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வாய்ப்பு போனால் அடுத்தது கிடையாது.

வண்டி வீட்டுச் சுற்றுச்சுவரை உரசியபடி நின்றது. பின்கட்டு வழியாக ஓடினான். சமையல் முற்றத்தில் பிரமாண்டமான இரண்டு பானைகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாண்டிக் குதித்தான்.

மஜ்லிஸுக்குள் நுழைந்தான்.

சுவரோரத் திண்டுகளில் சபை முழுதாகக் கூடியிருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் சிரித்த அதே முகங்கள். நடுவில், அப்பாவுக்கு வலப்பக்கம், கால்களை எப்படி மடக்குவது என்று தெரியாமல் குரோஷியாக்காரர் பிரான்கோ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹமூத், முகம் வெளுத்து.

"வந்துட்டியா? உன் விருந்தாளிங்க. காபி ஊத்து" என்றார் அப்பா.

மூத்த மகன் ஊற்ற வேண்டும். அதுதான் முறை. மிஷாரி இடக்கையில் கூஜாவை எடுத்தான். வலக்கையில் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகள். ஏலக்காய் மணத்தோடு இளமஞ்சள் காபி பிரான்கோவின் கோப்பையில் இறங்கியது. குனிந்து நீட்டும்போது ஹமூத்தின் காதருகே உறுமினான்.

"குடிச்சுட்டுக் கிளம்பச் சொல்லு. எதையும் கேக்க வேணாம்."

பிரான்கோ கோப்பையை வாங்கினார். ஒரு கணம் பார்த்தார்.

குடிக்கவில்லை.

தன் முன்னே தரையில் வைத்தார்.

சபையில் பேச்சு நின்றது. யாரோ உருட்டிக்கொண்டிருந்த ஜெபமணிகூட நின்றது.

ஐயோ, இந்த மனுஷன் என்ன செய்கிறார்! விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவன் ஒன்றைக் கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். வீட்டுக்காரர் அதைத் தருகிறேன் என்று சொல்லும்வரை தொடமாட்டான். காபி ஆறிப்போய் அவன் எழுந்து போனால், அந்த வீட்டு மானமும் அவனோடு எழுந்து போகும். இது தெரியாத வெளிநாட்டுக்காரர் சூடாக இருக்கிறது என்று வைத்துவிட்டார்!

அவன் அவசரமாகக் குனிந்து கோப்பையை எடுக்கக் கை நீட்டினான்.

சுளீர்!

அப்பாவின் கைத்தடி அவன் மணிக்கட்டில் விழுந்தது.

"தொடாதே."

முத்லக் கடகடவென்று சிரித்தார். "அட விடுங்க அபூ மிஷாரி! வெள்ளைக்காரனுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? நாக்கு சுடும்னு வச்சிருப்பான். ஹமூத், எடுத்துக் குடிக்கச் சொல்லுப்பா."

"அவருக்குத் தெரியாதுங்க" என்றான் ஹமூத். "நான் சொல்லிடுறேன்..."

"கோப்பை தரையில இருக்கு" என்றார் தஹாம், மெதுவாக. "வச்சவன் எந்த ஊர்க்காரன்னு கோப்பைக்குத் தெரியுமா?"

"அதுக்காக? என்ன கேக்கப்போறான்னே தெரியாம..."

"என்ன கேப்பான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்குறதுக்கு நான் கடையா வச்சிருக்கேன், முத்லக்?"

அப்பா பிரான்கோவின் பக்கம் திரும்பினார். நெஞ்சில் கை வைத்தார். சபைக்கு எல்லா மூலையிலும் கேட்கும்படி சொன்னார்.

"காபியைக் குடிங்க. கேட்டு வந்தது உங்களுக்குக் கொடுத்தாச்சு."



ஹமூத் மொழிபெயர்த்தான். பிரான்கோ கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பிறகு ஏதோ சொன்னார். ஹமூத் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"என்ன கேக்குறாரு?" முத்லக் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வெள்ளை ஒட்டகத்தையா?"

"உங்க மகனைக் கேக்குறாரு, அபூ மிஷாரி. பச்சைச் சட்டைக்கு."

அப்பாவின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

முத்லக் துள்ளி எழுந்தார். "சத்தியம்? உங்க சத்தியம் என்ன ஆச்சு? நாங்க எல்லாரும் இங்கதானே இருந்தோம்!"

"உக்காரு" என்றார் தஹாம். "சத்தியத்தை முறிச்சா மார்க்கத்துல பரிகாரம் இருக்கு. பத்து ஏழைக்குச் சாப்பாடு போடணும். போட்டுடுவேன். கோப்பையைக் கீழ வச்ச விருந்தாளியைத் திருப்பி அனுப்பினா அதுக்கு எந்தப் பரிகாரமும் கிடையாது. இந்தச் சபையில யாராவது அவனை அனுப்பியிருப்பீங்களா? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மூலையிலிருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "அவர் செஞ்சதுதான் சரி."

முத்லக் மெல்ல உட்கார்ந்தார்.

அப்பா மகனைப் பார்க்கவில்லை. கூஜாவைக் காட்டினார்.

"அவரோட கோப்பை காலியா இருக்கு. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

ஜித்தா. அரங்கம் பச்சைக் கடலாக ஆடியது.

மிஷாரி களத்தில் இறங்கியபோது கைதட்டல் பாதி, சீழ்க்கை பாதி. "முழங்கால் சௌக்கியமா?" என்று ஒருவன் கத்தினான். "இன்னைக்காவது எங்களுக்குக் கொடுடா பந்தை!" என்றான் இன்னொருவன். பக்கத்தில் ஓடிய இளம் விங்கர் வலீத் சிரித்தான்.

"அண்ணே, அவங்க உங்களை ரொம்ப மிஸ் பண்ணியிருக்காங்க போல!"

"வாயை மூடிக்கிட்டு ஓடு. பந்து உன்னைத் தேடி வரும். நீ அங்க இல்லேன்னா கொன்னுடுவேன்."

ஒன்றுக்கு ஒன்று. டிரா ஆனால் எதிரணிதான் உலகக் கோப்பைக்குப் போகும். கடிகாரம் நிமிடங்களைத் தின்றுகொண்டே போனது. தொண்ணூறாவது நிமிடம்.

எதிரணியின் கார்னர். தலைகள் எம்பின. மோதல். பந்து சிதறி வெளியே வந்து ஒருவன் காலடியில் நின்றது.

மிஷாரியின் காலடியில்.

சொந்தக் கோலுக்கு முன்னால். முதுகுக்குப் பின் கோல்கீப்பர். முன்னால் இரண்டு பேர் பாய்ந்து வருகிறார்கள். நான்கு வருடங்களுக்கு முன் நின்ற அதே இடம், அதே கோணம். அரங்கமே மூச்சை நிறுத்தியது. எங்கிருந்தோ ஒரு குரல் கெஞ்சியது. "பின்னால தட்டாதே... பின்னால தட்டாதே..."

மிஷாரி காலைத் தூக்கினான். பின்னால் தட்டப்போகிறவன் போலவே உடம்பைத் திருப்பினான்.

வந்த இருவரும் அதை நம்பினார்கள். கோல்கீப்பரை நோக்கிப் பாய்ந்தார்கள்.

பந்து போகவில்லை. அவன் பாதத்தடியிலேயே சுழன்றது. அவனும் அதோடு சுழன்றான். முன்னால் காலி மைதானம்! எதிரணியின் பாதிப் பேர் கார்னருக்காக ஏறி வந்திருந்தார்கள். தலையை நிமிர்த்தினான். தூரத்தில், இடது ஓரத்தில், ஒரு பச்சைப் புள்ளி ஓடத் தொடங்கியிருந்தது.

அடித்தான்.

பந்து மைதானத்தின் பாதியை வில்லாக வளைத்துத் தாண்டியது. கடைசித் தடுப்பாளன் எம்பினான். அவன் தலைமுடியை உரசிக்கொண்டு இறங்கி வலீத்தின் ஓட்டத்துக்கு முன்னால் விழுந்து, குதித்து, அவனுக்காகவே காத்திருந்தது. ஒரே தொடல். கோல்கீப்பர் வலப்பக்கம் விழுந்தான். பந்து இடப்பக்கம் போனது.

வலை புடைத்தது.

அதன் பிறகு மிஷாரிக்கு ஒன்றும் தெரியவில்லை. யார் யாரோ மேலே விழுந்தார்கள். வலீத் அவன் காதைக் கடித்தான். ஹமூத் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிவந்து நடுவரிடம் திட்டு வாங்கினான். சீழ்க்கை அடித்தவர்கள் அவன் பெயரைப் பாடினார்கள்.

உடை மாற்றும் அறையில் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. பிரான்கோவை நான்கு பேர் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். அவர் தரைக்கு வந்ததும் மிஷாரி ஹமூத்தையும் இழுத்துக்கொண்டு அவரை மூலைக்குத் தள்ளினான்.

"கேளுடா இவர்கிட்ட. அந்தக் கோப்பை சூடா இருந்துச்சா, இல்ல தெரிஞ்சேதான் கீழ வச்சாரா? யார் சொல்லிக்கொடுத்தது?"

ஹமூத் கேட்டான். பிரான்கோ உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"வாக்குக் கொடுத்திருக்காராம். சொல்ல மாட்டாராம்" என்ற ஹமூத், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

போன் அதிர்ந்தது. அம்மா. பின்னணியில் பெண்களின் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"யும்மா! யுபா பார்த்தாரா?"

"எங்க பார்த்தாரு? முற்றத்துல குறுக்கும் நெடுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு. கோல்னு கத்தினோம் பாரு, உள்ள ஓடி வந்து காபி கூஜாவை எத்தி விட்டுட்டாரு. கம்பளம் போச்சு."

மிஷாரி சிரித்தான். கண் கலங்கியது.

"யும்மா, நான் வந்ததும் முதல் வேலை, பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு. யுபா சத்தியத்தை முறிச்சதுக்கு. ஆடு நானே வாங்கித் தர்றேன்."

"அதெல்லாம் அப்பவே போட்டாச்சுடா."

"எப்போ? அவங்க கிளம்பிப் போனதும் நானும் கூடவே கிளம்பிட்டேனே."

"போனதும் இல்ல. அன்னைக்கு மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடியே. பள்ளிவாசல் பக்கத்துலேருந்து பத்துப் பேரைக் கூட்டியாந்து வயிறாரப் போட்டாரு. நீ பானையைப் பார்க்கலியா?"

கவிழ்த்து வைத்திருந்த இரண்டு பானைகள். அவன் தாண்டிக் குதித்த பானைகள்.

"யும்மா... அப்போ அவங்க ரியாத்துலேருந்து கிளம்பவேயில்லையே!"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். அதிலும் சிரிப்பு வழிந்தது.

"கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்தப்புறம்தானே உங்கப்பா ஹமூத்துக்கு போன் போட்டாரு! 'இப்பக் கிளம்பி வரச் சொல்லு. என் மகன்தான் காபி ஊத்துவான். குடிக்காமக் கீழ வைக்கச் சொல்லு. ஆனா வலது கையால வைக்கச் சொல்லுப்பா, இல்லேன்னா முத்லக் சிரிப்பான்'னு."