கன்னடம் வருமா?

கடை என்னுடையது. அக்ரஹாரத்தில் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்து பிழைக்கிற கைகளும் என்னுடையவை. ஆனால் தொண்ணூற்றைந்தில் கம்ப்யூட்டர் வாங்குவது என்று வந்ததும், அது ஆம்பளை செய்யவேண்டிய காரியம் என்று என் கணவர் முனிராஜ் சொல்லிவிட்டார். மிக்சியையே தலைகீழாக மாட்டிவிட்டு, கம்பெனிக்காரனைத் திட்டிய மனிதர்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மல்லம்மா எனக்கு நாற்பது கேள்வித்தாள் கொடுத்திருந்தார். எல்லாம் கன்னடம். கம்ப்யூட்டர் எழுத்தில் அழகாக வந்தால் இனி எல்லாப் பரீட்சையும் உனக்குத்தான் என்றார். அதை நம்பி என் கன்னட மெஷினை விற்றேன். கன்னட எழுத்து வரவைக்கும் கார்டு ஒன்றை பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். அதைக் கம்ப்யூட்டருக்குள்ளே செருக வேண்டும். அதனால் திரை தனி, பெட்டி தனி, பெட்டியைத் திறந்தால் கார்டு செருக இடம் இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன். அன்று கோர்ட்டுக்கு இங்கிலீஷ் பத்திரங்கள் அடிக்க வேண்டியிருந்ததால் கூடப் போகவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தசரா பொருட்காட்சியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் டிவி மாதிரி ஒன்று. திரையும் பெட்டியும் ஒரே உடம்பு. அதன் நெற்றியில் குங்குமம் வேறு வைத்தாகிவிட்டது. ஒயர் தொல்லை இல்லையாம், பார்க்க லட்சணமாம். சீட்டு மடிப்புக் கலையாமல் பையிலேயே இருந்தது.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கார்டு செருக இடமே இல்லை.

"கன்னடக் கார்டை எங்கங்க மாட்டறது?"

"கார்டே வேணாம் மகேசு. கடைக்காரன்கிட்ட 'கன்னடா பருத்தா?'ன்னு கேட்டுட்டுத்தான் வாங்கினேன். 'பருத்தெ சார், சென்னாகி பருத்தெ'ன்னான்."

கன்னடம் வருமா என்று கேட்டிருக்கிறார். நன்றாக வரும் என்று அவன் சொல்லியிருக்கிறான். போட்டுப் பார்த்தோம். இங்கிலீஷ்தான் வந்தது.

மறுநாள் நானே பொருட்காட்சிக்குப் போனேன். கடைக்காரன் கழுத்தில் டை கட்டிய பம்பாய் ஆள். இங்கே எல்லோரும் முதலில் அவனுக்குக் கன்னடம் வருமா என்றுதான் கேட்கிறார்களாம். ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டானாம். சாரும் அதையே கேட்டார், வரும் என்றேன் என்று பெருமையோடு சொன்னான். விற்ற சாமான் திரும்ப வாங்கப்படாது என்ற பலகையை மரியாதையாகக் காட்டினான். பேசாமல் இவர் பெட்டியை விட்டுவிட்டு அந்த ஆளை ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் முழுக்கதையும் கேட்டார். தப்பு அவனுடையது என்று தீர்ப்பும் சொன்னார். திங்கட்கிழமை கேள்வித்தாள் போயாக வேண்டும். மார்க்கெட்டுக்குப் போய் பிரதி எடுக்கிற மெழுகு ஸ்டென்சில் தாளும் அதில் கீறி எழுத இரும்புப் பேனாவும் வாங்கி வந்தேன். இனி கையால்தான் எழுத வேண்டும். மல்லம்மா இந்த ஒரு தடவை முகம் சுளித்து வாங்கிக்கொள்வார். அடுத்த பரீட்சைக்குக் கூப்பிடமாட்டார். அது எனக்குத் தெரியும்.

இருப்பது ஒரே மேஜை. பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

கீழே வைத்தால் உள்ளே தூசி போகுமே என்று பதறினார். கனவுகூடக் கன்னடத்தில்தான் வருகிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவர். இரும்புப் பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"கன்னடா பருத்தா?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"மாத்தாடோக்கெ பருத்தெ. பரெயோக்கெ பரல்ல."

பேச வருமாம். எழுத வராதாம்.

"அப்ப அதுகூடவே கீழ உக்காருங்க," என்றேன். ஐந்தாம் வகுப்பு, கணக்கு என்று எழுதத் தொடங்கினேன்.