நீலச் சீட்டுக் கிண்ணங்கள்

கூட வேலை பார்த்தவனுக்குப் பூனை என்று பட்டப்பெயர் வைத்ததே அக்காதான். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பான். அந்த இதயத் தசை ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன் இருக்கிறான். அவனுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். ஆனால் ஓடினாலோ, திடுக்கிட்டாலோ அவன் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடும். இரண்டு முறை நீச்சல் குளத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்தைப் பூட்டி வைக்கும் கிடங்கு ஒன்று உண்டு. துடிப்புக்கு ஒருமுறை கதவு திறந்து, கால்சியம் வெளியே வந்து தசையைச் சுருக்கிவிட்டு, சமர்த்தாக உள்ளே போய்விட வேண்டும். தம்பியின் கதவுகள் பிறவியிலேயே சரியாகச் சாத்துவதில்லை. அந்தக் கசிவு ஒருநாள் ஆளையே கொண்டுபோய்விடும் என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். பழைய மாத்திரை ஆபத்தை அடக்கி வைத்தது; கூடவே அவனையும் சோர்ந்து படுக்க வைத்தது.

தம்பியின் இரத்தத்திலிருந்து வளர்த்த இதயச் செல்கள் கிண்ணங்களில் துடித்துக்கொண்டிருந்தன. நீலச் சீட்டு ஒட்டியவற்றில் புது மருந்து உண்டு. வெள்ளைச் சீட்டில் இல்லை. கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் சாயத்தைக் காலையில் பூனை எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே நேரத்தில் விடுவான். அக்கா ஒவ்வொன்றாகச் சாயத்தைக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள். வெள்ளையில் துடிப்புக்கு நடுவே கசிவு பொறிபொறியாய் மின்னியது. நீலத்தில் மருந்துக்குக்கூட ஒரு மின்னல் இல்லை.

முதல் வாரம் சந்தோஷத்தில் அழுதாள். இரண்டாம் வாரம் தம்பியிடம் சொல்லியும் விட்டாள். மூன்றாம் வாரம் மனசு உறுத்தத் தொடங்கியது. எந்த மருந்தாவது இவ்வளவு சுத்தமாக வேலை செய்யுமா? நோயில்லாத ஒருவரின் செல்களும் அதே அலமாரியில்தான் வளர்ந்தன. கிண்ணத்தை மாற்றி வைக்க எத்தனை நேரம் ஆகும்? இந்த முடிவை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் பூனைக்குப் பதவி உயர்வு.

அன்றிலிருந்து அவன் தும்மினாலும் அவளுக்குச் சந்தேகம். தேநீர் கொண்டுவந்து கொடுத்தால் காக்கா பிடிக்கிறான் என்று தோன்றியது. அவன் ஒரு கறுப்பு நோட்டில் எதையோ கிறுக்குவதும், அவள் திரும்பினால் பட்டென்று மூடுவதும் வேறு கண்ணில் பட்டுத் தொலைத்தது. கிண்ணங்களின் அடியில் ஊசியால் கீறி வைத்தாள். கீறல் விழுந்த கிண்ணங்களே ஒழுங்காக அவள் கைக்கு வந்தன. யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அக்காவோ, அப்படியானால் வேறு ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று முடிவு கட்டினாள்.

வியாழக்கிழமை பகல், அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தாள். பக்கம் பக்கமாக மணிக்கணக்கு. 'வெள்ளை: சாயம் 10.10, கழுவியது 10.40. நீலம்: சாயம் 10.10, கழுவியது 11.50.' எல்லா நாளும் இதே கதை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'அக்கா தெரிஞ்சேதான் செய்றாங்களா?'

"உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்" என்றான் பூனை, பின்னாலிருந்து.

அவளுக்கு முகம் சிவந்தது. "என்னையா சந்தேகப்பட்டீங்க?"

"நீங்க கிண்ணத்துல கீறினதை நானும் பாத்தேன். நீலத்தை ஏன் எப்பவும் கடைசியாப் பாக்கறீங்க?"

"பயம்தான். மருந்து தோத்திருந்தா அதைக் கொஞ்சம் லேட்டாத் தெரிஞ்சுக்கலாமேன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. சாயம் ஒளிர வேண்டுமானால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரைமணி ஊறிய செல்லில் சாயம் கொஞ்சம்தான். நூறு நிமிடம் ஊறிவிட்டால், கசிவதையெல்லாம் அளவுக்கு மீறிய சாயமே குடித்துவிடும்; ஓரிடத்தில் மின்னலாகத் திரள விடாது. மூன்று வாரமாக அவள் பார்த்தது அதைத்தான்.

அப்போதே ஒரு நீலக் கிண்ணத்தில் சாயம் விட்டு, முப்பதாவது நிமிடம் கழுவிப் பார்த்தார்கள். வெள்ளையைப் போலவே மின்னியது.

"முதல்லயே கேட்டிருக்கலாமே!" என்று சீறினாள்.

"உங்க தம்பி விஷயம். எப்படிக் கேக்கறது?"

அவளும்தான் அவனை வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தன் மீதே ஆத்திரமாக வந்தது. தம்பியைப் போனில் அழைத்தாள்.

"அக்கா! இப்பத்தான் நாலு மாடி ஒரே ஓட்டமா ஏறினேன். கொஞ்சம் படபடன்னு இருக்கு, அவ்வளவுதான்."

"மாத்திரை போடறியா?"

"பழசா? விட்டுப் பத்து நாளாச்சு. புதுசு பிரமாதமா வேலை செய்யுதுன்னு நீதானே சொன்னே? நாளைக்கு டாக்டர் சோதனைக்கு அதைத் தரப்போறாரு. நடுவுல இந்தச் சனியன் எதுக்கு?"

அலறல் தொண்டை வரை வந்தது. அலறினால் அந்தத் திடுக்கிடலே அவனுக்குப் போதும். விழுங்கிக்கொண்டாள். பூனை தன் போனில் ஆம்புலன்சை அழைக்க, அவள் தம்பியின் முகவரியைக் கிறுக்கி நீட்டினாள்.

"அப்படியாடா? சரி, அந்தப் படியிலயே உக்காரு. மெதுவா மூச்சு விடு. அந்தப் பக்கம்தான் வரேன், உன்னைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு? எதையாவது மறைக்கிறியா?"

"உங்கிட்ட எதுக்குடா மறைக்கப் போறேன்" என்று சிரித்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சிரைப்பது அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, அவன் பேசும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.