பெயர் விழுந்த கட்டம்

கெண்டால் ஊர்க் கிளினிக்கில் மாத்திரைச் சீட்டு அச்சாகவில்லை என்று காலையிலேயே போன் வந்துவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஒரு போன் வந்தால் விகதி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பியாக வேண்டும். அங்கே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆப் தன்பாட்டுக்கு எழுதிவைத்திருக்கும் லாக்கை வரிவரியாகப் படித்து, எங்கே தவறியது என்று கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கிளினிக்குக்குக் கிளினிக் லாக் ஒவ்வொரு தினுசாக இருக்கும். ஒன்று தேதியை முன்னால் போடும், இன்னொன்று தேதியே போடாது.

அதை மாற்றியவள் விகதிதான். இந்தோனேசியாவின் செமாராங்கில், கிளினிக்குகளுக்கு ஆப் செய்துகொடுக்கும் ஒரு சின்ன ஆபீசின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எல்லா கிளினிக்கிலும் ஆப் ஒரே மாதிரி, கட்டம் பிரித்து எழுதும்படி செய்தாள். நேரத்துக்கு ஒரு கட்டம், கிளினிக்குக்கு ஒரு கட்டம், நோயாளி எண்ணுக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று. எழுதிய வரி அப்போதே ஆபீசிலிருக்கும் மத்திய சர்வருக்கு வந்து சேர்ந்துவிடும். தேடும் பக்கத்தில் ஊர்ப்பெயரைத் தட்டினால் போதும், அந்த ஊரில் நடந்தது முழுக்கக் கண்முன் வந்து நிற்கும். முதலாளி ஹர்த்தோயோ, ஆபீசில் எல்லோருக்கும் 'பாக்', அதாவது ஐயா, அன்று எல்லோருக்கும் லும்பியா என்ற பொரித்த சுருள் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். கிளினிக்கிலிருந்து வரும் போனை யார் எடுத்தாலும் பதில் சொல்லலாமே என்று, ஆபீசில் எல்லோருக்குமே அந்தப் பக்கத்தைத் திறந்துவிடச் சொன்னவரும் அவர்தான்.

விகதி கெண்டால் என்று தட்டினாள். பிழை வரி உடனே வந்தது. ஆனால் அது மற்ற வரிகளைப் போல இல்லாமல் நீண்டுகொண்டே போனது. நோயாளியின் முழுப்பெயர், போன் நம்பர், பிறந்த தேதி, எச்.ஐ.வி.க்கான மாத்திரைகள், அடுத்து எப்போது வர வேண்டும் என்பது எல்லாம் ஒரே கட்டத்துக்குள் கிடந்தன.

பெயர்கள் கிளினிக்கின் சொந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டி வரவே கூடாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆப்பை எழுதிய சஸ்மித்தோவும் அதை அப்படித்தான் கட்டியிருந்தான். ஆனால் லாக்கை அனுப்பும் சிறு நிரல் விகதி எழுதியது. பிழை வந்தால் அந்நேரம் ஆப்பின் கையில் இருப்பதை எல்லாம் சேர்த்து அனுப்பிவிடு, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவள்தான் அதில் எழுதியிருந்தாள். அந்த 'எல்லாம்' என்ன என்று நின்று யோசிக்கவில்லை.

முந்தைய பிழைகளையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பெயர்கள். நோன்புப் பெருநாளுக்குச் சற்று முன் விழுந்த ஒரு வரியில் சஸ்மித்தோவின் பெயரே இருந்தது. போன் நம்பரும் அவனுடையதுதான். செமாராங்கிலேயே கிளினிக்குகள் இருக்க, தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அவன் கெண்டால் வரை போயிருக்கிறான். எதிர் மேஜையில் தலையைக் குனிந்து அவன் வேலை செய்துகொண்டிருந்தான். விகதி திரையைச் சட்டென்று மூடினாள்.

வேறு யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. யார் எதைத் தேடினார்கள் என்பதையும் சர்வர் எழுதிவைக்கும். கணக்குப் பார்க்கும் யூனி பெருநாள் முடிந்ததும் அந்த வரியைத் திறந்திருக்கிறாள். பிறகு சஸ்மித்தோவின் பெயரைத் தட்டித் தேடியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், ஆபீசிலேயே வேலை செய்யும் பாகஸும் தேடியிருக்கிறான்.

ஆபீசில் சஸ்மித்தோவுக்கு மட்டும் டீ குடிக்கத் தனி கிளாஸ் வந்தது அந்தச் சமயத்தில்தான். மத்தியானம் எல்லோரும் நடுவில் வைத்துத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சம்பல் கிண்ணம் இருக்க, அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாட்டுப் பொட்டலம் வரும். அவனுக்குக் காரம் ஒத்துக்காது என்று யூனி சொன்னதை விகதி நம்பினாள். அந்தப் பொட்டலத்தைப் பலமுறை அவளே எடுத்து அவன் பக்கம் நகர்த்தியிருக்கிறாள்.

முதலில் தேடும் பக்கத்தை எல்லோருக்கும் அடைத்தாள். கிளினிக்குகளிலிருந்து லாக் வருவதை நிறுத்தினாள். பிறகு பாக் ஹர்த்தோயோவின் அறைக்குப் போய், யார் பெயரையும் எடுக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எல்லாருடைய பிழைப்பும் இந்த ஒரு ஆப்பை நம்பித்தான் ஓடுகிறது என்பதை அவரால் மறக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அழிச்சிடும்மா. சத்தமில்லாம அழிச்சிடு. யார் தேடினாங்கங்கறதையும் சேர்த்து. வெளியே தெரிய வேண்டாம்."

"தெரியக்கூடாதவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு, பாக். அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்களுக்குத்தான் இன்னும் தெரியாது."

 ஒருநாள் டைம் கொடு என்று மட்டும் அவர் கேட்டார். கொடுக்கிறேன், ஆனால் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு விகதி எழுந்து வந்தாள்.

சஸ்மித்தோ இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டைப் பைக் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். மடியில் பழுப்புத்தாளை விரித்து, சோற்றையும் சோயாவில் செய்த தெம்பேயையும் பிசைந்துகொண்டிருந்தான். விகதி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மித்தோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்ன வேணாலும் திட்டிக்கோ."

சொல்லி முடித்தாள். லாக்கில் என்ன விழுந்தது, அது யார் எழுதிய நிரல், யார் யார் பார்த்தார்கள் என்று எதையும் விடவில்லை. அவன் சாப்பாட்டைத் தாளோடு மடித்தான். 

"அப்போ குனாதி சொல்லலையா?" என்றான்.

குனாதி யார் என்று அவளுக்குத் தெரியாது.

"டெமாக்ல டயர் கடை வெச்சிருக்கான். சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா வளர்ந்தோம். என்னை முதல் தடவை கெண்டாலுக்குக் கூட்டிட்டுப் போனதே அவன்தான். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. யூனியும் டெமாக் ஊர்க்காரிதான், அவன் கடையிலதான் பஞ்சர் ஒட்டிக்குவா. கிளாஸைப் பிரிச்சு வெச்ச அன்னிக்கே, அவன் வாயத் திறந்துட்டான்னு முடிவு கட்டிட்டேன்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்கலை. என்னை வித்துட்டியேடான்னு ஒரு மெசேஜ். அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டேன்." அவன் குரல் இறங்கியது. "அவங்கம்மா இறந்தப்பக்கூட போகலை, அக்கா. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவங்க."

விகதி திட்டை எதிர்பார்த்து வந்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. நானே வந்து குனாதியிடம் சொல்கிறேன், இது என்னால் வந்தது என்று சொல்கிறேன் என்றாள்.  அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவனே நாற்காலியை இழுத்து அவள் மேஜைக்குக் கொண்டுவந்தான். இருவரும் சேர்ந்து அந்த நிரலைத் திருத்தினார்கள். இன்னின்ன கட்டங்கள்தான் போகலாம் என்று முன்கூட்டியே வகுத்து, வேறு எது சேர்ந்து வந்தாலும் அது கிளினிக்கின் வாசலிலேயே நின்றுவிடும்படி வைத்தார்கள். பிறகு மத்திய சர்வரிலிருந்தும், அதன் நகல்கள் இருந்த இடங்களிலிருந்தும் பெயர்களைத் தேடித்தேடி அழித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் அழிக்கும் முன் சஸ்மித்தோ அதை ஒருமுறை படித்தான். ஏன் படிக்கிறான் என்று விகதி கேட்கவில்லை. யார் தேடினார்கள் என்ற பதிவை மட்டும் அவள் அழிக்க மறுத்துவிட்டாள். நாளைக்கு அந்தச் சனங்கள் வந்து கேட்டால் சொல்லியாக வேண்டும் என்றாள். பாக் ஹர்த்தோயோ அவளைத் தடுக்கவில்லை. பிறகு கிளினிக்குகளுக்கு அவரே போன் போட்டார்.

கெண்டால் கிளினிக் அவர்களுடைய ஆப்பை விட்டுப் போனது. மற்றவை இருந்தன. நர்சுகள் நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நேரில் சொன்னார்கள். ஒரு பெண் ஆபீசுக்கே போன் செய்து விகதியிடம் பேசினாள். என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இது தெரிந்தால் நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டாள்.  அந்தப் பெண் தானாக வைக்கும் வரை விகதி போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாகஸ் வேலையை விட்டு நின்றுவிட்டான். யூனி விகதியின் மேஜைக்கு வந்து, வீட்டில் கைக்குழந்தை, பயமாகிவிட்டது என்று அழுதாள்.

"அதை என்கிட்ட சொல்லாத யூனி" என்றாள் விகதி. "யார்கிட்ட சொல்லணுமோ அவன்கிட்ட போய்ச் சொல்லு."

யூனி போய்ச் சொன்னாளா என்று விகதிக்குத் தெரியாது.

வேலையெல்லாம் ஒழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு டெமாக் போகலாமா என்று முந்தின மாலை சஸ்மித்தோ கேட்டிருந்ததால், அவனும் விகதியும் இரண்டு பைக்கில் கிளம்பினார்கள். வழியில் சாயுங் பக்கம் கடல்தண்ணீர் சாலையில் ஏறி நின்றது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது சட்டையெல்லாம் சேறு.

குனாதி கடை முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் காற்று எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சஸ்மித்தோவைப் பார்த்தும் எழவில்லை. விகதி தான் யார் என்று சொன்னாள். சர்வரைப் பற்றியும் லாக்கைப் பற்றியும், எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னாள். அவன் கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

"நீங்க எழுதினதாலதானா?"

"ஆமா. நான் எழுதினதாலதான்."

குனாதி தலையசைத்தான். பிறகு சஸ்மித்தோவை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்கடா, மித்தோ எங்கேன்னு. சுமத்ராவுல வேலை, லீவு கிடைக்கலைன்னு சொன்னேன்." டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். "ஏன்டா நேர்ல வந்து கேட்கலை? கேட்டிருந்தா என் மூஞ்சியப் பார்த்தே உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியலடா" என்றான் சஸ்மித்தோ. 

அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. குனாதி கையைக் கழுவினான். துணியில் துடைத்துக்கொண்டு, அம்மாவை அடக்கம் செய்த கபருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், வா என்றான். விகதியையும் வரச்சொல்வான் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அவன் சொல்லவில்லை. சஸ்மித்தோ குனாதியின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தான். முன்னால் இருப்பவனின் தோளைப் பிடிக்காமல், இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டி சந்து திரும்பி மறைந்தது.

விகதி கடைவாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து ஒரு பெரியவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, கடைக்காரர் எங்கே என்று கேட்டார்.

"அவங்கம்மா கபருக்குப் போயிருக்கார்" என்றாள். "கொஞ்ச நேரம் ஆகும். உக்காருங்க."