தோருன் செய்த பனியாறு

ஏழாம் வகுப்புக்கு நீர் சுழற்சியைப் படம் போட்டு நடத்தி நடத்தித் தோருனுக்கே அலுத்துப்போயிருந்தது. கடலிலிருந்து மேலே ஓர் அம்பு, மேகத்திலிருந்து கீழே ஓர் அம்பு. பிள்ளைகள் அழகாக வண்ணம் தீட்டுவார்கள். மறுவாரம் கேட்டால் விழிப்பார்கள். வருடம் முழுக்க மழை கொட்டுகிற அந்த நார்வேக் கடலோர ஊரில், மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "பக்கத்து ஊர்லேருந்து" என்று பதில் சொல்கிற கூட்டம் அது.

ஆகவே இந்த வருடம் விளையாட்டாகவே நடத்திவிடுவதென்று தீர்மானித்தாள். உடற்பயிற்சிக் கூடத்தில் நீல மெத்தைகளைப் போட்டுக் கடல். சாம்பல் கம்பளி, மேகம். நீளக் கயிறு, ஆறு. வீட்டிலிருந்து கொண்டுவந்த அவளுடைய இரட்டைக் கட்டில் விரிப்பு, மலைமேல் உறைந்து கிடக்கிற பனியாறு. ஒவ்வோர் இடத்திலும் அட்டைப்பெட்டியில் செய்த பெரிய பகடை ஒன்று. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு நீர்த்துளி. உருட்டி, விழுந்த முகத்தில் எழுதியிருக்கிற இடத்துக்குப் போகவேண்டும். "இரு" என்று விழுந்தால் இருந்த இடத்திலேயே இருந்து மறுபடி உருட்டவேண்டும்.

"தண்ணிக்கு இஷ்டம்னு ஒண்ணு கிடையாது," என்று தோருன் கண்டிப்பாகச் சொன்னாள். "பகடை சொல்றதுதான் சட்டம். யாரும் வந்து எங்கிட்ட பேரம் பேசக்கூடாது."

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. துளிகள் கத்திக்கொண்டு ஆவியாயின, மழையாய் விழுந்தன, கயிற்றைத் தாண்டிக் கடலுக்கு ஓடின. முதலில் பனியாற்றில் போய் மாட்டியவன் வெட்லே. நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து அறியாதவன். உருட்டினான். இன்னொரு தடவை உருட்டினான். பிறகு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, விரிப்பில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"இருன்னு சொல்லுது, தோருன்." அந்த ஊரில் ஆசிரியர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

தோருனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பனியாறுன்னா அப்படித்தான்டா. ஒரு துளி அதுல மாட்டினா நூறு வருஷம்கூட உள்ளேயே கிடக்கும்."

"நூறு வருஷமா!" என்றான் வெட்லே, மேகத்துக்குக் கேட்கும்படி. "அப்போ அடுத்த பீரியட் முடிஞ்சே போயிடும்."

அதற்கப்புறம் மேகத்திலிருந்தவர்களுக்கெல்லாம் பனியாறாகவே விழத் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக வந்து விரிப்பில் ஏறினார்கள். உருட்டினார்கள், "இரு" என்று ஒரே குரலில் வாசித்தார்கள், நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆறு வற்றியது. மேகம் காலியானது. கடலில் சின்னேவா என்ற பெண் மட்டும் பகடையை முகத்துக்கு நேரே தூக்கித் தூக்கி நேர்மையாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"கிளம்புங்க, கிளம்புங்க. அடுத்து கணக்கு டெஸ்ட் இல்ல உங்களுக்கு?"

"தண்ணிக்கு மணி கேக்காதே, தோருன்," என்றாள் விரிப்பின் நடுவிலிருந்து ஒருத்தி.

"நீங்கதானே சொன்னீங்க, பேரம் பேசக்கூடாதுன்னு," என்றான் வெட்லே.

அவள் சொன்ன சட்டம்தான். வகுப்பைத் தேடிக்கொண்டு கணக்கு வாத்தியார் ஒட்வார், கேள்வித்தாள் கட்டோடு உள்ளே வந்தார்.

"எங்க போச்சு என் வகுப்பு?"

"உறைஞ்சு போச்சு," என்றாள் தோருன். "பகடை விட மாட்டேங்குது, ஒட்வார். ஒருத்தருக்குக்கூட வேற எதுவும் விழல."

"ஒருத்தருக்குக்கூடவா? இத்தனை பேருக்கா?" கணக்கு வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. பெட்டியை வாங்கி ஒவ்வொரு முகமாகத் திருப்பினார். "இரு," என்று வாசித்தார். "இரு. இரு. இரு." கடைசி இரண்டு முகத்தையும் வாசித்துவிட்டுத் தோருனை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா தாயே, இதுல வெளியே வர வழியே வைக்கலையே நீ!"

தோருனின் காது மடல் சிவந்தது. முந்தின நாள் சாயங்காலம் பனியாற்றுப் பகடைக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் அக்கா ஃபோன் செய்திருந்தாள். அத்திம்பேர் கேட்காமல் கொள்ளாமல் புதுப்படகு வாங்கிவிட்டாராம். இந்தக் கணமே வீட்டை விட்டுப் போகிறேன் என்று அக்கா குதித்தாள். "இரு இரு, அவசரப்படாதே, இரு" என்று தோருன் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் சொன்னதையே கையும் எழுதியிருக்கிறது.

"எப்போடா பார்த்தே?" என்று வெட்லேயைக் கேட்டாள்.

"ரெண்டாவது தடவை உருட்டினப்போ."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க," என்றான் அவன்.

கோபப்படத்தான் நினைத்தாள்; சிரிப்பு முந்திக்கொண்டது. ஒட்வாரின் பேனாவைப் பிடுங்கி, ஆறு முகத்திலும் "இரு"வை அடித்துவிட்டு, "உருகி ஓடு" என்று எழுதிப் பெட்டியை விரிப்பில் எறிந்தாள்.

"உருட்டுடா!"

மொத்தப் பனியாறும் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டது. கூச்சலிட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு, கதவு வழியாகத் தாழ்வாரத்தில் பாய்ந்தது. காப்பிக் கோப்பையோடு எதிரே வந்த தலைமையாசிரியை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"என்ன ஒட்வார் இது?"

"வெள்ளம்," என்றார் ஒட்வார், ஓட்டத்தை நிறுத்தாமல். "டெஸ்டுக்குப் போகுது."

கூடம் அமைதியானது. தோருன் செருப்புத்தடம் பதிந்த விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. நீல மெத்தையில் சின்னேவா இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போகலையா, கண்ணு?"

"எனக்குக் கடல்லயே இருன்னுதான் விழுது. இதுல மேகம்னு ஒரு பக்கம் இருக்கு, பார்த்துட்டேன். விழ மாட்டேங்குது." அழுகைக்கு அருகில் இருந்தது குரல்.

எழுந்து போ என்று சொல்ல வாயெடுத்த தோருன், விரிப்பைக் கீழே போட்டாள். மெத்தையில் அவள் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"பெட்டியை இப்படிக் கொடு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போடலாம்."