பக்கத்து வயல் நாற்று

கொல்லையில் வேப்பமரத்தடியில் தலையை உலர்த்திக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் கூந்தலில் ஒரு கை பட்டது. அவள் திரும்ப முயன்றாள். "அசையாம நில்லுத்தா" என்றாள் அவளைப் பெற்ற பிச்சையம்மாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, உச்சியிலிருந்து சாண் போட்டுக்கொண்டே இறங்கினாள். நாலரைச் சாண் வந்தது.

அந்தக் கை அந்தக் கூந்தலைத் தொட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. களத்துமேட்டில் பாம்பு தீண்டி நாகலெட்சுமியின் புருஷன் குருநாதன் இறந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அன்றிலிருந்து எண்ணெய் இல்லை, பூ இல்லை, யாராவது வெளியே கிளம்பும் நேரத்தில் வாசலும் இல்லை. ஆகவே, ஆத்தாளின் விரல்கள் பிடரியில் ஊர்ந்தபோது ஒரு கணம் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணனுக்கு வேணும்" என்றாள் பிச்சையம்மாள்.

அண்ணன் வீரபத்திரன் கடலாடிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இருபத்தாறு வயது. ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்த நாளிலேயே சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்கியது. இப்போது ஒரு காதிலிருந்து மறு காதுவரை பின்பக்கம் ஒரு கோடுபோல மட்டும் மிஞ்சியிருந்தது. சின்ன வெங்காயச் சாறும் வைத்தியர் கொடுத்த தைலமும் தோற்றுப்போயின. முடி முளைத்தால் இராமேசுவரத்துக்கு வந்து மொட்டை போடுவதாகப் பிச்சையம்மாள் நேர்ந்துகொண்டாள். அவள் புருஷன் முத்துராமலிங்கம் அதைக் கேட்டுவிட்டு, "அதத்தான் சாமி முன்கூட்டியே வாங்கிருச்சே" என்று சொன்னார். அதற்காக ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை.

மூன்று இடத்தில் பெண் கேட்டு மூன்றும் தட்டிப்போயின. மூன்றாவது வீட்டில் ஒரு கிழவி, மாப்பிள்ளையின் காதுபடவே, "தம்பிக்கு இது ரெண்டாந்தாரமா?" என்று விசாரித்தாள். அன்று முதல் வீரபத்திரன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் சாப்பிடவே உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டில் பின்னந்தலை முடியைத் தோலோடும் வேரோடும் எடுத்து, முன்னந்தலையில் நடுகிறார்களாம். அது பிடித்து வளர்கிறதாம். வீரபத்திரன் அதை ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டினான். மதுரையில், மேல்நாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்த ஒரு தோல் டாக்டருக்குக் கடிதம் எழுதினான். வியாழக்கிழமை வந்து பார்க்கும்படி பதில் வந்தது.

பிச்சையம்மாளுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. கண்மாய்த் தண்ணீர் பாய்ந்ததும், பயிர் நெருக்கமாக முளைத்த இடத்தில் பிடுங்கி, முளைக்காத பொக்கையில் நட்டு நட்டு முதுகு வளைந்தவள் அவள்.

"அவன் பின்மண்டையில கெடக்கிறதே நாலு நாத்து. அதையும் பிடுங்குனா அங்கிட்டும் பொட்டலாப் போகும். நம்ம வயல்ல இல்லாட்டி பக்கத்து வயல்ல பறிச்சு நடுறதில்லையா? நீங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைக. மண்ணு ஒண்ணுதான், பிடிச்சுக்கிரும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒனக்கு இனிமே எதுக்குத்தா இது" என்றாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உடைந்துபோன கலப்பைக்கு இனி மேழி எதற்கு என்பதுபோல, நடப்பைச் சொன்னாள்.

"எடுத்துக்க ஆத்தா" என்றாள் நாகலெட்சுமி. கொடுப்பதற்கு மனம் இருந்தது என்றல்ல. மறுத்துப் பேச வேண்டுமென்றால் அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை விடியலில் ஒரு சங்கடம் வந்தது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவன் கண்ணில் தாலியறுத்தவள் படக்கூடாது. ஆனால் போகிற காரியமே அவள் தலையில்தான் இருக்கிறது. பிச்சையம்மாள் அதற்கும் வழி கண்டாள். மகளை முதலிலேயே கொல்லைப்புறமாக அனுப்பி, கண்மாய்க்கரையைச் சுற்றிப் போய்ப் பஸ்ஸில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளச் சொன்னாள். மகன் படியிறங்கும்போது எதிரே வருவதற்குப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளை நிறைகுடத்தோடு தெருமுனையில் நிறுத்தினாள். பரமக்குடி தாண்டியபின் தங்கையைப் பஸ்ஸில் பார்த்த வீரபத்திரன், இவள் எதற்கு என்று கேட்டான். தன் துணைக்கு என்றாள் பிச்சையம்மாள்.

மதுரையில் டாக்டர், வீரபத்திரனின் தலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகப்பனாருக்கும் தாய்மாமன்களுக்கும் எப்படி என்று விசாரித்தார். பத்திரிகையில் வந்தது மெய்தான் என்றும், ஆனால் இங்கே அதை இன்னும் யாரும் செய்யவில்லை என்றும் சொன்னார். செய்தாலும் இந்த வயதில் கூடாது. இன்னும் எவ்வளவு கொட்டும் என்று தெரியாது. இன்று முன்னால் நட்டால், நாளைக்கு அதன் பின்னால் இருப்பது உதிர்ந்து, நட்டது மட்டும் தீவுபோல நிற்கும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் யோசிக்கலாம்.

பிச்சையம்மாள் மகளை முன்னே இழுத்து, முக்காட்டை விலக்கி, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கூந்தல் சரிந்து தொடையைத் தொட்டது.

"இவ கூடப்பொறந்தவதான் சாமி. இதுல எடுத்துக்கங்க. எம்புட்டு வேணுமோ அம்புட்டும்."

நர்ஸ் அருகில் வந்து முடியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று ஆசையோடு கேட்டாள். "அவ எண்ணெ வைக்கிறதில்ல" என்று பிச்சையம்மாளே பதில் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒருத்தர் முடி இன்னொருத்தர் தலையில பிடிக்காதும்மா. கூடப் பிறந்திருந்தாலும் பிடிக்காது. அவங்கவங்க முடி அவங்கவங்களுக்குத்தான்" என்றார்.

நாகலெட்சுமி அப்போதுதான் தன் கைகளைக் கவனித்தாள். இரண்டு கைகளும் கூந்தலை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன. வேண்டாம் என்று கொடுத்துவிட்ட ஒன்றையா இப்படிப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

வீரபத்திரன் ஆத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கா இவளக் கூட்டியாந்த?" என்றான். வழுக்கைக்காக அவன் ஆறு வருஷமாகப் பட்ட வெட்கமெல்லாம் அன்று பட்ட வெட்கத்துக்குக் காணாது. திரும்பி வரும்போது, "முப்பத்தஞ்சு வயசுக்கு மேல முடி எதுக்கு" என்று பிச்சையம்மாள் ஜன்னலைப் பார்த்து இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாகலெட்சுமி நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தலையில் வழிய வழியத் தேய்த்தாள்.

"இது யாருக்குக் காட்ட?" என்றாள் பிச்சையம்மாள்.

"யாருக்கும் இல்ல. எனக்குத்தான். டாக்டரு சொன்னாருல்ல?"

அந்த மாதக் கடைசியில் உச்சிப்புளியிலிருந்து ஒரு பெண் வீட்டார் தாக்கல் சொல்லி அனுப்பினார்கள். பெண் பெயர் சேதுலட்சுமி. ஏழாவது வரை படித்தவள். மாப்பிள்ளைக்குத் தலையில் முடி குறைவு என்று கேள்விப்பட்டும் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பிச்சையம்மாள், தாங்கள் கிளம்பிப் போகும்வரை ஊருணியிலேயே இருக்கும்படி மகளைக் குடத்தோடு அனுப்பினாள். பாண்டியம்மாள் நிறைகுடத்தோடு தெருவின் மேற்கு முனையில், கைச்சாடைக்காகக் காத்து நின்றாள். முத்துராமலிங்கம் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். பட்டுத்துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டு வீரபத்திரன் படியிறங்கினான்.

கிழக்கு முனையில் நாகலெட்சுமி வந்துகொண்டிருந்தாள்.

ஊருணித் தண்ணீர் இடுப்பில் தளும்பியது. முக்காடு இல்லை. எண்ணெய் மினுங்கும் கூந்தல் ஒற்றைப் பின்னலாக முதுகில் கிடந்தது. சந்துக்குள் ஒதுங்கிக்கொள் என்று பிச்சையம்மாள் பதறிப்போய்க் கையை வீசினாள். நாகலெட்சுமி சந்துப் பக்கம் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், ஒதுங்காமல் நேரே வந்தாள். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை.

வீரபத்திரன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். காலை வெயில் அவன் தலையில் பளிச்சென்று விழுந்தது. எதிரில் வந்தவளை நோக்கி நடந்தான்.

"வாரேன் நாகு."

"போயிட்டு வாங்கண்ணே."

முத்துராமலிங்கம் ஒரு கணம் நின்றார். பிறகு தாம்பாளத்தோடு மகன் பின்னால் போனார். நாகலெட்சுமி ஆத்தாளைக் கடந்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள்.

மேற்கு முனையில் குடத்தின் கனம் தாங்காமல் இடுப்பை மாற்றி மாற்றிப் பார்த்த பாண்டியம்மாள், கடைசியில் அதைத் தரையில் இறக்கிவைத்தாள்.

"அப்ப என்னைய எதுக்கு மதினி விடியக்காலம் பிடிச்சு இங்கன நிக்க வச்சீக?"