குப்பி மாறிய மாத்திரைகள்

கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கான மருந்து ஆராய்ச்சியில் ஓரகத்திகள் இருவரும் சேர்ந்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுவென்று தனக்கே தெரியாது என்றார் டாக்டர்.

“யார் காதுல பூ சுத்துறார்?” என்று மூத்தவள் பொருமினாள். இரண்டு வாரம் மாத்திரை விழுங்கியும் அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சின்னவளுக்கோ வீக்கம் வடிந்துவிட்டது. விடுவாளா? சின்னவள் குளிக்கப் போனதும், இருவரின் மாத்திரைகளையும் குப்பி மாற்றிப் போட்டாள்.

அடுத்த பரிசோதனைக்குக் காத்திருந்தபோது, மறுபடி வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு சின்னவள் அழுதாள்.

“திட்டாதீங்கக்கா. உங்களுக்குத்தான் நிஜ மருந்துன்னு நெனச்சு, ஆரம்பத்துலயே நான் மாத்திரையை மாத்திட்டேன். அந்தப் பாவம்தான் இப்ப கால்ல வந்து நிக்குது.”

மூத்தவள், செருப்புக்குள் சுலபமாக நுழைந்திருந்த தன் கால்களை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.