வாசல் ஊழியம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று கை கொடுக்கும் வேலையை வதாத் கேட்டு வாங்கவில்லை. பாஸ்டர் சுஹைல் அதை அவள் தலையில் கட்டினார்.

சிரிய எல்லையை ஒட்டிய பெக்கா சமவெளியில் மலையோரமாக இருந்த அந்த ஊரில் சபை சின்னது. கிழக்கே உருளைக்கிழங்கு வயல்களில் போருக்குத் தப்பி வந்த சிரியாக்காரர்களின் கூடாரங்கள் வரிசை வரிசையாக முளைத்திருந்தன. மழைக்கு ஒதுங்க அவர்களில் சிலர் சபைச் சுவரோரம் வந்து நிற்பதும், பாட்டு முடிந்ததும் போய்விடுவதுமாக இருந்தார்கள். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஒருநாள் பாஸ்டர் பிரசங்கத்தை நடுவிலே நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கடைசியா உங்க பக்கத்துல ஒரு புது முகம் எப்ப உக்காந்துச்சு?"

"புது முகம் எதுக்கு பாஸ்டர்? பழைய முகங்களையே பொறுத்துக்க முடியல" என்றார் மூப்பர் நதீம். சபை சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவர் நேரே வதாத்தின் இறைச்சிக் கடைக்கு வந்தார். அவள் ஆட்டுத் தொடையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வதாத்தக்கா, நீங்க வாசல்ல நிக்கணும். வர்றவங்க யாரா இருந்தாலும் கை குடுத்து உள்ள கூப்பிடணும்."

"யாரா இருந்தாலும்னா?"

"யாரா இருந்தாலும்."

வெட்டுக்கத்தி கட்டையில் இறங்கியது. "எங்க அண்ணன் கத்தாஸ என்ன பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பழைய உள்நாட்டுப் போர்க்காலத்தில், ஊரைப் பிடித்து வைத்திருந்த சிரியப் படையின் சோதனைச் சாவடியில் டாக்ஸியிலிருந்து கத்தாஸை இறக்கினார்கள். பிறகு ஒரு காலையில் கம்பளியில் சுற்றி வீட்டுமுன் போட்டுவிட்டுப் போனார்கள். விரல்களில் நகம் இல்லை. அம்மா மயங்கி விழுந்துவிட, உடம்பைக் கழுவியவள் வதாத். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த நாட்டுக்காரர்களின் பேச்சு காதில் விழுந்தாலே இன்றைக்கும் அவள் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

"அன்பு வரட்டும்னு காத்திருக்க வேணாங்க்கா. கைய மட்டும் நீட்டுங்க."

"நீட்டினா கத்தியோடதான் நீளும் பாஸ்டர்."

"சரி, கத்திய வச்சிட்டு வாங்க" என்றார் அவர். புருஷன் மாரடைப்பில் போனபோது, கடையைத் திறக்கத் தெம்பில்லாமல் கிடந்த அவளுக்காக மாதக்கணக்கில் கல்லாவில் உட்கார்ந்தவர் அவர். அவருக்கு முடியாது என்று சொல்ல வதாத்துக்கு நா எழவில்லை.

சிரியாக்காரர்களில் முதலில் வந்தவன் அப்பூத். சுவர் பூசுகிறவன், நெட்டையன், புருவத்தில் சுண்ணாம்புத் தூள். பின்னால் அவன் பெண்டாட்டி ஷம்ஸா, முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வதாத் இரண்டு விரலை நீட்டினாள். அவன் அந்த இரண்டு விரலையும் மரியாதையாகக் குலுக்கினான்.

"உள்ள ஹீட்டர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வர்றோம்."

ஆண்டவரைத் தேடி வந்தேன், சமாதானத்தைத் தேடி வந்தேன் என்று அளக்காமல் குளிருக்கு வந்தேன் என்கிறானே என்று வதாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

அடுத்தடுத்த வாரங்களிலும் அவர்கள் வந்தார்கள். பாஸ்டர் சிலுவைப்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பூத் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்டான்: "அடிச்சவங்கள அவரு ஒண்ணுமே பண்ணலையா?"

சபை திரும்பிப் பார்த்தது. "பண்ணல" என்றார் பாஸ்டர்.

"ஏன், பயமா?"

யாரோ உச்சுக்கொட்டினார்கள். வதாத் உச்சுக்கொட்டவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் தொண்டையில் சிக்கிக் கிடந்த கேள்வி அது. பாஸ்டர் ஏதோ பதில் சொன்னார். அது அவளுக்கும் போதவில்லை, அவனுக்கும் போதவில்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவன் போகும்போது வாசலில் அவள் கை முழுசாக நீண்டது.

பிறகு சனிக்கிழமைகளில் மிஞ்சும் கல்லீரலையும் எலும்பையும் பொட்டலம் கட்டி ஷம்ஸாவிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினாள். இது அவள் மகன் எமீலுக்குப் பொறுக்கவில்லை. இருபத்துநாலு வயது, கடையில் அவளுக்கு வலது கை.

"மாமாவக் கொன்னவனுங்களுக்குக் கறி குடுத்தனுப்புறியா?"

"இவன் கொல்லலடா. இவன் அப்ப பொறக்கவே இல்ல."

"இத்தன வருஷமா நீதானம்மா சொன்ன? அவனுங்க ரத்தமே அப்படின்னு நீதான சொன்ன? நகத்த மறந்துட்டியா?"

ஒவ்வொரு வருஷமும் கத்தாஸின் நினைவு நாளில் பிள்ளையை மடியில் உட்கார வைத்து அந்தக் கதையை ஊட்டியவள் அவள்தான்.

வசந்தகாலத்தில், அறுவடைக்கு முன்னால், ரொட்டிக்கடைக்காரர் ஹன்னா செத்துக் கிடந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு, தன் சொந்த அடுப்பின் முன்னால், கழுத்து அறுபட்டு. மாவெல்லாம் சிவப்பு. அவர் கடையில் சிரியாக்காரப் பையன்கள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களைக் காணோம் என்று ஒருவர் சொன்னார். அவர்கள் ஓடியதைப் பார்த்தேன் என்று அடுத்தவர் சொன்னார். கத்தியோடு ஓடினார்கள் என்று மூன்றாவது ஆள் சொல்வதற்குள் மணிக்கூண்டில் ஊரைக் கூட்டும் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

எமீல் கடைக்குள் பாய்ந்து வந்தான். ஆட்டைத் தொங்கவிடும் நீளக் கொக்கிக் கம்பியைச் சுவரிலிருந்து உருவினான்.

"எங்கடா போற?"

"நீ கல்லீரல் கட்டு."

வெளியே லாரியில் அவன் வயதுப் பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் ஏறினான், லாரி போனது. வதாத் கத்தியைப் பிடித்தபடி நின்றாள். உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. போகட்டும், ஒருநாளாவது அவர்களும் அனுபவிக்கட்டும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அந்தக் குரல் அவளுக்குப் புதியதில்லை. அது இவ்வளவு தெளிவாகப் பேசியதுதான் அவளை உலுக்கியது. ரத்தக் கறை படிந்த முன்துணியோடு வேனில் ஏறி விரட்டினாள்.

வயலுக்குப் போகும் பாதையில் திரும்பும்போதே புகை தெரிந்தது. கூடாரங்களின் பிளாஸ்டிக் கூரை உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே விழுந்தது. ஒரு கேஸ் சிலிண்டர் வெடித்து, தகரத் துண்டு அவள் வேன்மேல் வந்து மோதியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். தெரிந்த முகங்கள் அடித்துக்கொண்டிருந்தன. மருந்துக்கடைக்காரர் மகன் ஒரு கிழவனின் முதுகில் பலகையை இறக்கினான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் விழுந்து கிடந்த ஒருவனை மிதித்தார், வியர்த்து, ஏதோ வேலையை முடிக்கிற மாதிரி. மூப்பர் நதீம்கூட நின்றார், கையில் மண்வெட்டிக் காம்போடு.

அப்பூத் எரியும் கூடாரத்திலிருந்து யாரையோ இழுத்துக்கொண்டு வந்தான். நாலைந்து பேர் அவனைச் சூழ்ந்தார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். எமீலின் கம்பி அவன் முகத்தில் விழுந்தது. கொக்கி முனை கண்ணில் பாய்ந்தது. அப்பூத் போட்ட சத்தத்தை வதாத் அறுத்த எந்த ஆடும் போட்டதில்லை. அவன் மண்டியிட்டான். எமீல் மறுபடியும் ஓங்கினான்.

காலடியில் கிடந்த கூடாரக் கழியை எடுத்து வதாத் மகனின் கையில் அடித்தாள். எலும்பு உடையும் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. கேட்டவுடனே எந்த எலும்பு என்றுகூடத் தெரிந்தது. கம்பி கீழே விழுந்தது.

"அம்மா?" என்றான் எமீல், குழந்தை மாதிரி.

அவள் இன்னொரு தடவை அடித்தாள், தோளில். முதல் அடி தடுப்பதற்கு. இரண்டாவது அடியின்போது அவன் கையில் ஒன்றுமில்லை. அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அவன் விழுந்தான்.

யாரும் அவளை நெருங்கவில்லை. அப்பூத்தைக் குனிந்து தோளில் தூக்கினாள். முழு ஆட்டுக்கடாவைத் தூக்கிப் பழகிய தோள். ஷம்ஸா எங்கிருந்தோ வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். வேனின் பின்பக்கம், இறைச்சி போடும் தகரத்தில் அவனைக் கிடத்தினார்கள். மகனைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால் போகமாட்டோம் என்று தெரிந்தது. பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் டயரைக் கொளுத்தி மறித்திருந்தார்கள். சபைக்குத்தான் வழி இருந்தது. பாஸ்டர் கதவைத் திறந்தார். ஜெபத்துக்கு வந்திருந்த நர்ஸ் ஸல்வா மேஜைவிரிப்பைக் கிழித்து அப்பூத்தின் முகத்தை இறுக்கிக் கட்டினாள். துணி நனைந்துகொண்டே இருந்தது.

கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. பாஸ்டர் படியில் இறங்கிக் கையெடுத்துப் பேசப் போனார். ஒரு கல் அவர் நெற்றியைப் பிளந்தது. ஸல்வா அவரை உள்ளே இழுத்தாள். வதாத் வேனில் போட்டு வந்த கூடாரக் கழியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அவன வெளிய அனுப்பு எமீலம்மா!"

"எதுக்கு?"

"ஹன்னாவக் கொன்னவனுங்க ஆளு!"

"ஹன்னா செத்தப்ப இவன் மேட்டுத்தெருவுல சுவர் பூசிட்டிருந்தான். யார் வீட்டுல தெரியுமா? உங்க வீட்டுல நதீமண்ணே. சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க."

நதீம் கையிலிருந்த மண்வெட்டிக் காம்பைப் பார்த்தார்.

"பெத்த மகன் கைய ஒடிச்சவ பேச வந்துட்டா!" என்று ஒருவன் கத்தினான். "நீயெல்லாம் தாயா?"

"ஒடிச்சேன். உனக்கும் வேணும்னா கிட்ட வா." கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல் அவளுடையது. "உள்ள இருக்கிறவன் எங்க சபைக்கு வர்றவன். நானே கை குடுத்து உள்ள கூப்பிட்டவன். உங்களையும் கூப்பிடுறேன். கட்டைய கீழ போட்டுட்டு வாங்க, உக்காருங்க. கட்டையோட வர்றவன் என்னத் தாண்டித்தான் வரணும்."

இன்னொரு கல் வந்து அவள் விலாவில் பட்டது. மூச்சு நின்றுபோய், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மூப்பர் நதீம் கூட்டத்திலிருந்து பிரிந்து படியேறி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று வதாத் கழியை ஓங்கினாள். அவர் மண்வெட்டிக் காம்பைச் சுவரில் சாய்த்தார். அவளைப் பார்க்காமல் உள்ளே போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் பின்னால் வேறு யாரும் வரவில்லை. ஆனால் கூட்டத்தின் வேகம் கொஞ்சம் தடுமாறியது. ராணுவ வண்டி வந்து சேர அந்தத் தடுமாற்றம் போதுமானதாக இருந்தது.

கூடாரங்களில் மூன்று பேர் செத்திருந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. ராணுவ அதிகாரி சபைக்குள் வந்து யார் யார் அடித்தது என்று கேட்டார். பாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். நதீம் குனிந்திருந்தார். ஷம்ஸாவுக்குச் சொல்லப் பயம்.

"என் மகன் எமீல்" என்றாள் வதாத். "மத்தவங்க பேரும் சொல்றேன், எழுதிக்கங்க."

ஹன்னாவைக் கொன்றது அவருடைய கூட்டாளி, கடையைப் பங்கு பிரிக்கும் தகராறில். கோடை தொடங்குவதற்குள் அது வெளியே வந்துவிட்டது. ஊரில் யாரும் அதைச் சத்தமாகப் பேசவில்லை. வதாத்தின் கடையில் கறி வாங்க ஆள் குறைந்தது. சபையில் பாதி பெஞ்சு காலி. மீதி இருந்தவர்களிலும் சிலர் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. பாஸ்டர் நெற்றித் தையலோடு நின்று பிரசங்கம் செய்தார், குரல் மட்டும் முன்பு மாதிரி எழவில்லை.

அப்பூத்துக்கு ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவன் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், தாழ்வாரத்து பெஞ்சில் ஷம்ஸாவும் வதாத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஷம்ஸா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அவளே கேட்டாள்.

"எமீலம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? பெத்த பிள்ளையவே அடிக்க வச்சாரே உங்க ஆண்டவரு, அவரு எப்படிப்பட்டவரு?"

ஊழியக் கூட்டங்களில் சொல்லிக்கொடுத்த வசனங்கள் எல்லாம் வதாத்துக்கு நினைவில் இருந்தன. அவற்றில் எதையும் அவள் எடுக்கவில்லை.

"அடிக்கச் சொன்னது அவரில்லம்மா" என்றாள். "அது நான். அவரு சொன்னது கைய நீட்டுன்னு மட்டுந்தான். அதையே நான் ரெண்டு விரலா ஆரம்பிச்சேன்."

"அப்ப அவரப் பத்திச் சொல்லுங்க."

"எனக்குச் சரியாச் சொல்ல வராது."

"உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. எம் புருஷன் எழுந்திரிக்க இன்னும் நேரமிருக்கு."

வதாத் சொன்னாள். முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னாள், பேர்களைக் குழப்பினாள், இடையில் அழுதாள். ஷம்ஸா கேட்டாள். நம்பினாளா என்று வதாத் கேட்கவில்லை. இலையுதிர்காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஷம்ஸாவின் அண்ணன் இருக்கும் திரிப்போலிக்குப் போய்விட்டார்கள்.

எமீல் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் வீட்டுக்கு வரவில்லை. பெய்ரூத்தில் சித்தி வீட்டில் தங்கி ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறான். மணிக்கட்டு சரியாகத் திரும்புவதில்லை. வதாத் மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போகிறாள். முதலில் அவன் அறையை விட்டே வெளியே வரமாட்டான். இப்போது வந்து, காப்பி போட்டு, இடது கையால் அவள்முன் வைத்துவிட்டு எதிரே உட்காருகிறான். இன்னும் பேச்சு வரவில்லை. அவளும் அவசரப்படுத்துவதில்லை.